பட்டியலின் ஏழாவது வரி

தை மாதம் கேட்டபோது
இரண்டு பேர் படுக்கும் கூடாரம் போதும் என்றது.
நாங்கள் நாலு பேர் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
இரண்டு கூடாரம் என்றது.

மாசியில் புதுசு வந்தது.
செவ்வாய்ப்பேட்டை ஜவ்வரிசி மண்டியில்
கணக்கை மூடிவிட்டு
பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன்.
இது கூட்டல் தெரிந்த பிள்ளை.
ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவு இருபது என்றது.
சின்னவனுக்கு வாந்தி வரும் என்றதும்
குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகச் சொன்னது.
எலுமிச்சம்பழம் இரண்டு, பழைய பேப்பர், மாற்றுச் சட்டை.
சபாஷ் என்று அடித்தேன்.
நன்றி என்றது.

பங்குனியில் இன்னொன்று.
யோசித்துப் பேசும் என்றார்கள்.
யோசித்தது, நாற்பது விநாடி.
சில்வர் ஓக் மரத்தடியில் கூடாரம் அடிக்காதீர்கள்,
காற்றுக்குக் கிளை முறியும்.
காட்டெருமை நடமாடும் இடம்,
இருட்டியபின் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.
எனக்கே தெரியாத சங்கதி.
சொந்தப் பிள்ளை ரேங்க் வாங்கியது மாதிரி
மண்டி முழுக்கச் சொன்னேன்.
மூட்டை தூக்கும் சின்னராசு
மாடி ஜன்னலில் தெரிகிற சேர்வராயன் மலையைப் பார்த்தபடி,
"இவ்வளவு கேட்ட நேரத்துக்கு
ஒரு நடை போயிட்டே வந்திருக்கலாம்" என்றார்.

ஒவ்வொரு பட்டியலிலும்
ஏழாவது வரி மட்டும் மாறவே இல்லை:
சமையல், பாத்திரம் – சுகுணா.
நான் எழுதச் சொல்லவில்லை.
எழுதியதை அடிக்கவும் இல்லை.

சித்திரையில் ஒரு ராத்திரி
மிதுனாவின் வீட்டுப்பாடத்தைத் தேடினால்
ஒரே கணக்கில் நாலு பேரும் கேட்டதெல்லாம்
வரிசையாய்க் கிடக்கிறது.
கூடாரத்து ஜிப்பைக் காட்டெருமைக்குத் திறக்கத் தெரியுமா.
இது சஞ்சித்.
மலைமேல் போனுக்கு எங்கே சார்ஜ் போடலாம்.
இது மிதுனா.
அதற்குக் கீழே
ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு
ஈரக் கையால் அடித்ததோ என்னவோ, பிழையோடு:
மலைக்கு போனாலும் நாந்தான் சமைக்கனுமா

அதற்கும் பதில் சொல்லியிருந்தது.
சுலபமாகச் செய்யக்கூடிய ஆறு வகை உணவு,
முதல்நாளே நறுக்கிவைக்க வேண்டிய காய்கள்,
கடைசியில் ஒரு சிரிக்கும் முகம்.

நாற்பது விநாடி நானும் யோசித்தேன்.

வைகாசி முதல் சனிக்கிழமை கிளம்பினோம்.
மூட்டைச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதிய பட்டியல்,
ஏழாவது வரியில் என் பேர்.
அம்மாபேட்டையில் தட்டுவடை செட் வாங்கினோம்,
வலசையூர் தாண்டும் முன்பே தீர்ந்துவிட்டது.
எலுமிச்சம்பழத்தை மறந்து வந்திருந்தேன்.

கொட்டச்சேட்டில் சிக்னல் இல்லை.
அடுப்பு மூட்டவே பாதித் தீப்பெட்டி போயிற்று.
ரவையை வறுக்காமல் கொட்டிவிட்டேன்.
"இது உப்புமாவா, போஸ்டர் ஒட்டவா?" என்றான் சஞ்சித்.
சுகுணா எதுவும் சொல்லாமல் சாப்பிட்டாள்,
இரண்டாம் முறை கேட்கவில்லை.
பிறகு பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்தாள்.
கீழே தரையில்
சிந்திய ஜவ்வரிசி மாதிரி விளக்குகள்.
எந்த ஊர் என்றாள்.
அயோத்தியாப்பட்டணமோ, வாழப்பாடியோ,
தெரியவில்லை என்றேன்.
சட்டைப்பைக்குள் போன கையை
வெறுமனே வெளியே எடுத்தேன்.
பரவாயில்லை என்றாள்.
வெகுநேரம் அந்தத் தெரியாத ஊரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காட்டெருமை வரவில்லை.
சஞ்சித்துக்கு மட்டும்
விடியும்வரை வந்துகொண்டே இருந்தது.

ஞாயிறு இறங்கும்போது
குப்பனூர் நெருங்க நெருங்கப் போன் அதிர்ந்தது,
நாலு முறை.
புதுசு வந்துவிட்டதாம்.
முந்தையதைவிட ஆழமாக யோசிக்குமாம்.
வண்டியை ஓரங்கட்டப் போனேன்.
பின் சீட்டிலிருந்து சுகுணா:
"அதுகிட்டயே கேளுங்க,
அடிப்பிடிச்ச சட்டிய யாரு தேய்க்கிறதுன்னு."